குறையாத கஞ்சிக் கோப்பை

அத்தியாயம் பதினொன்று

வலப்பக்கம் முதலாவது கோப்பைக்குள் வெட்டுப் போட்ட ஈர்க்கை விட்டு எடுத்தாள் அப்ரா. கஞ்சி ஐந்தாவது வெட்டில் நின்றது.

முதல் டேக் முடிந்தபோதும் அதே ஐந்தாவது வெட்டில்தான் நின்றது. ஊற்றும்போது கொஞ்சம் கூடிவிட்டதாக்கும் என்று அப்போது விட்டுவிட்டாள். இப்போது இரண்டாவது டேக்கும் முடிந்துவிட்டது. பாயில் இருந்த மற்ற ஐந்து பேரின் கோப்பைகளும் மூன்றுக்கும் இரண்டுக்கும் அடிக்கும் இறங்கியிருந்தன. இது ஒன்று மட்டும் ஊற்றியது ஊற்றியபடி இருந்தது. பக்கத்துத் தட்டில் பேரீச்சம்பழமும் பல் படாமல் கிடந்தது.

கோப்பைக்குரியவர் சுவரோரமாகப் போய் நின்று சாரனை உதறிக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

அவர் முத்தலிபு. அப்ராவின் வாப்பா.

சென்ற திங்கட்கிழமை அந்த வீட்டுக்கு இரண்டு செய்திகள் வந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காலையில் வந்தது ஒரு தொலைபேசி அழைப்பு. மாம்புரியில் படம் பிடிக்கும் கொழும்புக் குழுவிலிருந்து ஜூலியானா பேசினாள். உங்கள் மகள் மூன்று நாள் எனக்கு உதவியாக வேலை செய்து பார்க்கட்டும், சரிவந்தால் மிச்சப் படப்பிடிப்புக்குக் கொழும்புக்குக் கூட்டிப்போகிறேன் என்றாள். மாலையில் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து ஆள் வந்தது. மாப்பிள்ளை றஸ்மியின் வீட்டாருக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பகல் வந்து பேசி முடிக்கலாமா என்று கேட்டார்கள்.

இரண்டுக்கும் முத்தலிபு சொன்ன பதில் ஒன்றுதான். "பாப்பம்."

செவ்வாய்க்கிழமை அப்ரா வேலைக்குப் போனபோது தடுக்கவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் பகலில் வீட்டுச் சோற்றைத் தொடவில்லை. மிளகாய்த் தோட்டத்துக்கு அனுப்பிய சோற்றுப் பார்சல் கட்டு அவிழ்க்காமல் திரும்பி வந்தது. "இனி அனுப்ப வேணாம்" என்று ஒரு சொல்லும் கூட வந்தது. புதன்கிழமையும் அப்படித்தான். பொழுதுபட்ட பிறகு வந்து, வைத்ததைப் பேசாமல் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டார். மகள் படக்காரரோடு போகிறாளே என்ற கோபம், வேறென்ன என்று அவர் மனைவி றம்லா முடிவு கட்டியிருந்தாள். அப்ராவும் அதையே நம்பினாள். இன்று வியாழக்கிழமை, அவளுடைய மூன்றாம் நாள், கடைசி நாள். ஜூலியானா பின்னேரம் முடிவைச் சொல்ல வேண்டும்.

ஜூலியானா சிலாபத்துக்காரி. இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறாள். கண்டினியூட்டி என்று அதற்குப் பெயர். ஒரே காட்சியைப் பத்துத் தடவை எடுப்பார்கள். பத்திலிருந்தும் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவார்கள். ஒட்டிய பிறகு, ஒரு நொடி முன்னால் பாதியாக இருந்த தண்ணீர் அடுத்த நொடி நிறைந்துவிடக் கூடாது. கடித்த சம்சா முழுசாகிவிடக் கூடாது. அதைப் பார்த்து எழுதி வைப்பதுதான் வேலை. "மற்ற எல்லாக் காட்சியும் லேசு நங்கி. சாப்பாட்டுக் காட்சிதான் ஆளைக் கொல்லும்" என்று அப்ராவைத் தங்கையாக்கி முதல் நாளே சொல்லியிருந்தாள்.

கோப்பைகளுக்குள் கஞ்சி எவ்வளவு இறங்கியது என்பதைக் கண்ணால் மட்டிட முடியவில்லை. தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் வாப்பா மட்டை வைத்து அளப்பது அப்ராவின் ஞாபகத்துக்கு வந்தது. வளவில் கிடந்த ஓலையிலிருந்து ஒரு ஈர்க்கை உரித்து, நகத்தால் ஆறு வெட்டுப் போட்டாள். ஜூலியானா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் நல்லது என்று அர்த்தம்.

இப்போது அந்த ஈர்க்குத்தான் வாப்பாவைக் காட்டிக் கொடுத்திருந்தது.

*

காட்சி இதுதான். நோன்பு மாதத்து மாலை. ஒரு வீட்டில் ஆறு ஆண்கள் பாய் விரித்து இருக்கிறார்கள். பாங்கு கேட்டதும் நோன்பு துறக்கிறார்கள். கடலுக்குப் போன மூத்த மகனின் படகு திரும்பவில்லை என்று ஒருவன் ஓடி வந்து சொல்கிறான். எல்லோரும் கஞ்சியை வைத்துவிட்டு எழும்புகிறார்கள்.

உண்மையில் நோன்பு முடிந்து நாலு மாதம் ஆகிறது. நேரமோ பகல் இரண்டரை மணி. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்து, உள்ளே மஞ்சள் விளக்கு ஏற்றி அந்தியாக்கியிருந்தார்கள். வெளியே மின்சாரக் காற்றாடிக் கோபுரங்களின் இறக்கைகள் சுற்றும் சத்தம் ஒலிவாங்கியில் விழாமல் இருக்க வாசலுக்கு இரண்டு மெத்தை.

பாயில் இருந்தவர்களில் இரண்டு பேர்தான் நடிகர்கள். மற்றவர்கள் ஊர் ஆட்கள். ஆறாவது ஆள் காலையில் கடலுக்குப் போனவன் வரவில்லை. இயக்குநர் நிரோஜன் தலையில் கை வைத்தபோது, அடுப்படியில் கஞ்சி காய்ச்சும் றம்லாவுக்கு விறகு கொண்டுவந்து போட்ட முத்தலிபு கண்ணில் பட்டார். ஊர் வழக்கப்படி அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டான்.

"நானா, ஒரு உதவி. சும்மா பாயில இருந்தாப் போதும்."

முத்தலிபு மகளை ஒரு பார்வை பார்த்தார். அவள் நோட்டுப் புத்தகத்தோடு கமராவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இருந்தாப் போதும்தானே?"

"இருந்தாப் போதும்."

அவர் சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு போய் இருந்தார். அவருடைய தாடி நிரோஜனுக்குப் பிடித்துப்போனது. கமராவுக்கு நேரே, வலப்பக்கம் முதலாவதாக நகர்த்தி இருத்திவிட்டான். அந்த வீட்டுப் பெரியவாப்பா இவர்தான் என்று அந்த இடத்திலேயே பட்டமும் கட்டிவிட்டான்.

*

அப்ரா சொல்ல வேண்டிய ஆள் ஜூலியானா. அவள் பத்தடி தள்ளி நிற்கிறாள். ஆனால் கால் அடுப்படிக்குப் போனது.

அடுப்படியில் றம்லா மூன்றாவது பானையைத் துழாவிக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கஞ்சி காய்ச்சித் தர வேண்டும் என்று கேட்டபோது, கஞ்சிதானே என்று ஒப்புக்கொண்டவள். வந்த பிறகுதான் தெரிந்தது, ஆறினால் மேலே ஆடை படிகிறது, அது கமராவில் தெரிகிறது, ஆகவே நிமிடத்துக்கொரு தடவை சூடு காட்ட வேண்டும் என்று. நிறம் காணாது, இன்னும் மஞ்சள் போடுங்கள் என்று ஒருவன் வந்து சொன்னான். "காமாலைக்காரன் குடிக்கிற கஞ்சி வேணுமெண்டா வேற ஆளப் பாருங்க" என்று அவனைத் திருப்பி அனுப்பினாள். எல்லாவற்றையும்விட அவளுக்கு ஒவ்வாதது ஒரு வாளி. டேக் முடிந்ததும் நடிகர்கள் வாயில் போட்டதை அதில் துப்பினார்கள்.

"பதினஞ்சு டேக் எண்டா பதினஞ்சு சம்சா திங்கணும் அக்கா. வயிறு தாங்காது" என்று காலையில் ஜூலியானா சமாதானம் சொல்லியிருந்தாள்.

"நானும் சின்ன வயசிலயிருந்து படம் பாக்குறன்" என்றாள் அப்போது றம்லா. "ஒருத்தனாவது சோத்த முடிச்சிட்டுக் கை களுவினதப் பாத்ததில்ல. ரெண்டு வாய் வெப்பாங்க. ஆராவது வந்து ஒரு கதை சொல்லுவான். தட்டத் தள்ளிட்டு எழும்பிடுவாங்க. பொறவு அந்தத் தட்ட ஆரு எடுக்கிற, ஆரு களுவுற எண்டு ஒரு படத்திலயும் காட்டல்ல."

ஜூலியானா சிரித்துவிட்டாள். "மெய்தான் அக்கா. படத்தில சாப்பாடு பசிக்கு இல்ல. சாப்பிடாம எழும்புறதுக்குத்தான் சாப்பாடு வைக்கிறம். ஒராள் தட்டத் தள்ளினா ரெண்டே ரெண்டு அர்த்தம். கோவம், இல்லாட்டிக் கவலை. வசனம் எழுதத் தேவையில்ல."

"எங்கட வீட்டிலயும் அந்தப் படம்தான் மூணு நாளா ஓடுது" என்றாள் றம்லா.

இப்போது அப்ரா காதோடு சொன்னதைக் கேட்டதும் அவள் அகப்பையைப் பானைக்குள்ளேயே விட்டுவிட்டாள்.

"குடிக்கல்லயா? கோப்பய வாயில வெச்சாரே, நான் கதவிடுக்கால பாத்தேனே."

"வெச்சார். தொண்டையும் ஆடிச்சு. கஞ்சி மட்டும் குறையல்ல."

"ஆரிட்டயும் சொன்னியா?"

"இல்ல உம்மா. ஜூலியானா அக்காட்டச் சொல்லணும். சொன்னா அவர எழுப்பி விட்டிடுவாங்க. ஊர் ஆக்களுக்கு முன்னால. நான் சொல்லித்தான் எண்டும் தெரியவரும்."

"சொல்லாட்டி?"

"ஒட்டும்போது பிடிபடும். எழுதினது நான். பொறவு என்னக் கொழும்புக்கு ஆரு கூப்பிடுவா?"

றம்லா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நில்லு. இது ஒன்ட வேல இல்ல, என்ட வேல."

விளக்கைச் சரிசெய்யக் கிடைத்த இடைவெளியில் அவள் கஞ்சிச் சட்டியோடு உள்ளே போய், கணவனுக்கு முன்னால் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பிடித்துக்கொண்டாள்.

"மூணு நாளா என்ட சோறு ஆகல்ல. இப்ப இத்தின பேருக்கு முன்னால என்ட கஞ்சியும் ஆகல்லயா?"

"இரிக்கச் சொன்னாங்க, இரிக்கிறன். நீ ஒன்ட அடுப்பப் பாரு."

"புள்ளைல உள்ள கோவத்த அதுட தொழில்ல காட்டாதீங்க."

முத்தலிபு நிமிர்ந்து பார்த்தார். என்னவோ சொல்ல வாய் எடுத்தார். பாயில் இருந்த ஊர்க்காரர் றஸீன் நானா காதைத் தீட்டியதைக் கண்டதும் மூடிக்கொண்டார்.

"முத்தலிபு, சும்மா கிடைக்கிற கஞ்சி. குடிச்சிட்டுப் போங்களன்" என்றார் றஸீன் நானா. அவருடைய கோப்பை எல்லா டேக்கிலும் அடி தெரியும்.

"உங்களுக்கு வேணுமெண்டா இதையும் எடுங்க."

"கண்டினியூட்டிப் புள்ள விடாது" என்று றஸீன் நானா அப்ராவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

முத்தலிபுவுக்கு இடப்பக்கம் இருந்த உமாசுதன் வயிற்றைத் தடவினான். உடப்பைச் சேர்ந்தவன், நாடகத்திலிருந்து படத்துக்கு வந்தவன், அந்த வீட்டு இளைய மகனாக நடிப்பவன். "எனக்குத் துப்ப மனம் வரேல்ல அக்கா. அவ்வளவு ருசி. ஆனா மூண்டாவது கோப்பையும் போனா நான் எழும்பி ஓடுற காட்சியில ஓட மாட்டன், உருளுவன்."

எல்லோரும் சிரித்தார்கள். முத்தலிபு சிரிக்கவில்லை.

மூன்றாவது டேக்கும் அப்படியே போனது. கை கோப்பையை எடுத்தது. உதடு விளிம்பைத் தொட்டது. தொண்டை ஏறி இறங்கியது. நடிக்கத் தெரியாத மனிதன் என்று யார் சொன்னது? அப்ரா ஈர்க்கை விட்டாள். ஐந்தாவது வெட்டு. முதல் இரண்டு டேக்குக்கும் விட்டது போலவே நோட்டில் வலப்பக்கம் முதலாவது கட்டத்தை வெறுமையாக விட்டாள். பொய் எழுதக் கை வரவில்லை. உண்மை எழுதவும் வரவில்லை.

*

நிரோஜனுக்குத் திருப்தி இல்லை. அதுவரை அவனே "பாங்கு!" என்று சத்தம் போட, அதைக் கேட்டு ஆறு பேரும் கோப்பையை எடுத்தார்கள். ஒருவர் முந்தினார், ஒருவர் பிந்தினார். "பஸ்ஸுக்கு நிக்கிற ஆக்கள் மாதிரி இருக்கு" என்றான். ஜன்னல் துணியின் ஒரு மூலையால் வெயில் கோடு விழுந்ததையும் கண்டுபிடித்து அடைக்கச் சொன்னான்.

"சவுண்ட், அந்தப் பதிவப் போடுங்க."

பள்ளிவாசல் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, ஊர் மோதினார் அந்தி நேரத்தில் சொல்லும் மஃரிப் பாங்கைப் புதன்கிழமை பதிந்து வைத்திருந்தார்கள். வளவுக்கு வெளியே கேட்கக் கூடாது, காட்சிக்கு மட்டும்தான் என்று பேச்சு.

கறுப்புத் துணி இறுகியது. அறை மெய்யாகவே இருட்டி, மஞ்சள் விளக்கு மட்டும் பாயில் விழுந்தது. ஆறு பேரும் கோப்பைக்கு முன்னால் குனிந்து இருந்தார்கள். கஞ்சியின் ஆவி மேலே போனது.

"நாலாவது டேக். அக்‌ஷன்."

முப்பது வருடமாக அந்த ஊர் கேட்டு நோன்பு துறக்கும் அதே குரல், அதே இழுப்பு, முதல் வரிக்குப் பின் வரும் அதே சின்னச் செருமல்.

முத்தலிபுவின் உதடுகள் அசைந்தன. உண்ணுமுன் சொல்லும் பிஸ்மியைச் சொல்கிறார் என்று அப்ராவுக்குத் தெரிந்தது. பேரீச்சம்பழத்தை எடுத்துப் பாதியைக் கடித்தார். கண்ணை மூடி மென்றார். பிறகு கோப்பையை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தார். நாள் முழுக்க வெயிலில் காய்ந்த மனிதன் குடிக்கும் குடி அது. தாடியில் ஒரு சொட்டு வழிந்தது. துடைக்கவில்லை.

நிரோஜன் கமராக்காரனின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். முப்பது விநாடி, நாற்பது விநாடி.

"கட்! இதுதான்! நானா, இத முதல் மூண்டு டேக்கும் எங்க வெச்சிருந்தீங்க?"

யாரோ ஜன்னல் துணியை இழுத்தார்கள். பகல் பளீரென்று உள்ளே விழுந்தது.

கோப்பையோடு இருந்த முத்தலிபு ஜன்னலைப் பார்த்தார். வெளியே தென்னை மரங்கள், மணலில் கண் கூசும் வெயில். கையில் மீதி இருந்த பாதிப் பழத்தைப் பார்த்தார்.

"மணி என்ன?"

"மூண்டு பத்து நானா."

அவர் பழத்தைத் தட்டில் வைத்தார். எழும்பினார். மெத்தையைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், தொட்டித் தண்ணீரை அள்ளி வாய் கொப்பளித்தார். திரும்பத் திரும்பக் கொப்பளித்தார். அடுப்படி வாசலில் றம்லா வந்து நின்றாள்.

"என்னங்க? என்ட கஞ்சில என்ன?"

"கஞ்சில ஒண்டுமில்ல." அவர் முகத்தைத் துடைத்தார். "நான் நோம்பு."

றம்லாவின் கை வாய்க்குப் போனது.

"மஹ்ரிபு எண்டு நெனச்சிட்டன்" என்றார் முத்தலிபு. யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல இருந்தது.

வெளியே வந்த ஆட்கள் சுற்றி நின்றார்கள். றஸீன் நானா அன்று முதல் தடவையாகப் பகடி விடாமல் பேசினார். "அதுக்கென்ன முத்தலிபு? மறந்து திண்டா நோம்பு முறியாதுதானே."

"மறக்கல்ல. நோம்பு எண்டு நல்ல ஞாபகம். நேரம் வந்திட்டு எண்டு நெனச்சுத்தான் துறந்தன். அது வேற, இது வேற. பள்ளி ஹஸ்ரத்தக் கேக்கணும்."

"முதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." நிரோஜன் இழுத்தான். "உங்கள இருத்தியிருக்க மாட்டமே நானா."

"இருந்தாப் போதும் எண்டு சொன்னீங்க. இருந்திட்டன். நோம்பு பிடிச்சா ஊருக்கெல்லாம் சொல்லணுமா தம்பி?"

*

பத்து நிமிடம் வேலை நின்றது. பிறகு நிரோஜன் மெல்ல ஜூலியானாவிடம் வந்தான். நேரம் போய்க்கொண்டிருக்கிறது, வீட்டை நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"நாலாவது டேக்கில நானா அப்பிடி இருக்கிறார். ரெண்டாவதில உமாசுதன் எழும்புறது நல்லம். ரெண்டையும் ஒட்டலாமா?"

ஜூலியானா அப்ராவைப் பார்த்தாள். "தாள் அவளிட்ட."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒட்டலாம் என்று ஒரு சொல் சொன்னால் வாப்பா மறுபடி பாய்க்கு வரத் தேவையில்லை. எல்லோருக்கும் அதுவே வேண்டியிருந்தது. வாப்பா தொட்டியடியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒட்டாது" என்றாள் அப்ரா. "ரெண்டாவதில வாப்பாட கோப்ப குறையல்ல. அஞ்சிலயே நிக்கிது. பழமும் முழுசு. ஒண்டிலயும் மூண்டிலயும் அப்பிடித்தான். நாலாவதில மட்டும் ரெண்டுக்கு எறங்கியிருக்கு."

ஜூலியானா நோட்டை வாங்கினாள். வலப்பக்கம் முதலாவது கட்டம் மூன்று டேக்குக்கும் வெறுமையாக இருந்ததைக் கண்டாள்.

"எப்ப தெரியும்?"

"ரெண்டாவது முடிஞ்சதும்."

"ஏன் சொல்லல்ல?"

அப்ரா தொட்டியடிப் பக்கம் பார்த்தாள்.

"அது என்ட வாப்பா."

ஜூலியானா ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை அது நல்லதுக்கா என்று அப்ராவுக்குத் தெரியவில்லை.

"சரி, நாலாவதிலிருந்தே தொடருவம்" என்றான் நிரோஜன். "ஆனா செய்தி வரும் வரைக்கும் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டு இருக்கணும். நானா இன்னும் ரெண்டு வாய்..."

"தம்பி, ஹஸ்ரத்தக் கேக்காம இனி ஒரு சொட்டும் வாயில வெக்க மாட்டன்."

நிரோஜன் கையை விரித்தான்.

அப்ரா ஈர்க்கை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டு நின்றாள். "இப்ப அவர்ட கோப்பையில ரெண்டு வெட்டுக் கஞ்சி இருக்கு" என்றாள். "அவர் குடிக்கத் தேவையில்ல. மிச்சத்த எடுத்து இளைய மகன்ட கோப்பையில ஊத்தட்டும். எங்கட வீடுகள்ல மூத்தவங்க அப்பிடித்தான் செய்வாங்க. கோப்ப தானா வெறுமையாகும். தொடர்ச்சியும் பிசகாது."

நிரோஜன் கமராக்காரனைப் பார்த்தான். கமராக்காரன் தலையாட்டினான்.

"என்ட கோப்பையிலயா?" என்று உமாசுதன் கூவினான். "கடவுளே, நாலு முடிஞ்சுது!"

முத்தலிபு மகளைப் பார்த்தார். பிறகு வந்து அதே இடத்தில் இருந்தார். விளக்கு எரிந்தது. கோப்பையைத் தூக்கிச் சாய்த்து, பக்கத்தில் இருந்தவனின் கோப்பைக்குள் நிதானமாக ஊற்றினார். விளிம்பில் நின்ற சொட்டையும் விரலால் வழித்து விட்டார். ஒரே டேக்.

*

சாமான் கட்டும்போது ஐந்து மணி. றம்லா துப்பும் வாளிப் பக்கம் முகத்தைத் திருப்பாமல், மிச்சச் சம்சாக்களை வேலைக்காரப் பொடியன்மாருக்குப் பங்கு வைத்தாள். அடிப்பானைக் கஞ்சியை வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு சட்டியில் ஊற்றிக்கொண்டாள்.

ஜூலியானா அந்த ஈர்க்கைக் கேட்டு வாங்கித் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஞாயிறு காலம அஞ்சு மணிக் கொழும்பு பஸ். உன்ர பெயர் குடுத்திட்டன். ஒண்டு மட்டும் நங்கி. இன்னொரு நாள் கோப்பை குறையாட்டி உடனே சொல்லணும். கோப்பைக்காரன் ஆரெண்டு பாக்கக் கூடாது."

"சரி அக்கா."

வாப்பா விறகுக் கட்டைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கேட்டிருப்பார். கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி முடிந்தார்.

ஞாயிறு காலை ஐந்து மணி பஸ். ஞாயிறு பகல் குறிஞ்சிப்பிட்டி ஆட்கள். இரண்டும் ஒரே நாளில் நடக்காது. நடக்கப்போவது எது என்பது அந்தக் கயிற்றை முடியும் மனிதனின் வாயில் இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது றம்லா தாழ்ந்த குரலில் கணக்குப் போட்டாள். "நோம்பு மாசத்தில அவர் ஒண்டும் விடல்ல. விட்டதுக்குப் பிடிக்கிற கழாவும் இல்ல. அப்ப இது நேர்ச்ச நோம்பு. மூணு நாள்."

"என்னக் கொழும்புக்குப் போக விடாம இரிக்கவா நேந்திருப்பார்?"

"நேர்ச்ச நோம்பு கேக்கிறதுக்குப் பிடிக்கிறதில்ல புள்ள. கேட்டது கெடச்ச பொறவுதான் பிடிக்கிற." றம்லா நின்றுவிட்டாள். "செவ்வாய்க்கிழம தொடங்கினவர். அப்ப திங்கக்கிழம என்னவோ கெடச்சிரிக்கி."

திங்கட்கிழமை கிடைத்தவை இரண்டு. ஒன்று ஜூலியானாவின் அழைப்பு, மற்றது குறிஞ்சிப்பிட்டிச் சம்பந்தம்.

கோபம், இல்லாவிட்டால் கவலை என்று ஜூலியானா சொன்னது அப்ராவின் ஞாபகத்துக்கு வந்தது. படத்தைப் பார்ப்பது போலவே அவர்களும் மூன்று நாளாக வாப்பாவைப் பார்த்திருக்கிறார்கள்.

பொழுது பட்டது. முத்தலிபு ஹஸ்ரத்தோடு பேசிவிட்டு வந்து, கைபேசியை அலுமாரியின் மேல் வைத்தார். பகலில் வாய் கொப்பளித்த பிறகு அவர் ஒரு மிடறு தண்ணீரும் குடிக்கவில்லை. பாயில் வந்து இருந்தார். றம்லா சூடாக்கிய கஞ்சியை முன்னால் வைத்தாள். பள்ளியிலிருந்து மோதினாரின் குரல், இந்த முறை மெய்யான வானத்தின் கீழ் வந்தது. அதே செருமலும் வந்தது.

அவர் வாசலால் ஒரு தடவை மேற்கே பார்த்து, இருட்டு இருட்டுத்தான் என்று உறுதிப்படுத்திக்கொண்டார். அப்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் தாடிக்குள் என்னவோ அசைந்தது.

"ஹஸ்ரத் என்ன சொன்னார்?" என்றாள் றம்லா.

"அந்த ஒண்டத் திரும்பப் பிடிக்கணுமாம். ஞாயித்துக்கிழம பிடிக்கப் போறன். சஹர் சாப்பாட்டுக்கு நாலு மணிக்கு எழுப்பு."

"நாலு மணிக்கா? நாலரைக்கு எழும்பினாக் காணுமே."

"காணாது. அஞ்சு மணிக்கு அப்ராவ பஸ் ஏத்தணும்."

கஞ்சிச் சட்டியைப் பிடித்திருந்த அப்ராவின் கை அப்படியே நின்றது.

றம்லாதான் முதலில் பேசினாள். "அப்ப பகலைக்கு வாற குறிஞ்சிப்பிட்டி ஆக்களுக்கு நான் என்ன சொல்ல?"

முத்தலிபு கோப்பையை இரண்டு கையாலும் தூக்கி, அடி தெரியும்வரை குடித்து, மகளிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."